உள்ளங்காலில் செம்மண்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. பெரிய புயல் அடித்த அறுபதாம் வருடம் என்பது மட்டும் உறுதி. மாதங்கள் முன்பின் ஆகியிருக்கலாம்.

எங்கள் தீவின் வக்குவா ஊரில் ஒரே முற்றத்தைப் பார்த்த இரண்டு வீடுகள். புயல் கூரைகளைப் பிய்த்துப் போட்ட வாரத்தில், பூங்காவனத்துக்கு ருக்மணி ஐந்து வாரம் முந்திப் பிறந்தாள். அதே நாளில், எதிர்வீட்டு ஜோசெட்டுக்கு மாதம் நிறைந்து லிண்ட்சே பிறந்தான்.

அவனை வைத்தே பூங்காவனம் தன் பெண்ணை அளந்தாள். அவன் குப்புற விழுந்தான், இவள் விழவில்லை. அவன் உட்கார்ந்தான், இவள் தலையணையில் சரிந்தாள். "பிறந்த நாள்லருந்து எண்ணாதே, பிறக்கவேண்டிய நாள்லருந்து எண்ணு" என்றாள் நர்ஸ் ஊகெட். தபால் ஆபீஸ் குமாஸ்தாவான கணவர் விநாயகமும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் வந்தது. மனம் ஆறவில்லை. இந்தப் பிள்ளை நடக்குமா?

பதினோராம் மாதத்திலிருந்து ஜோசெட் தன் மகனை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

"என்ன ஜோசெட், துரை பல்லக்கு இல்லாம வரமாட்டாரா?"

"சோம்பேறி! அப்பன் மாதிரியே. கால் இருக்கிறதே மறந்துபோச்சு."

லிண்ட்சே திமிறித் திமிறி உதைத்தான். அவனும் நடக்கவில்லை என்பதில் பூங்காவனத்துக்கு ஓர் ஆறுதல். அதை நினைத்து வெட்கமும்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் அவள் தரையில் அமர்ந்து ருக்மணிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஜோசெட். மடியிலிருந்து லிண்ட்சேயின் கால்கள் பூங்காவனத்தின் முகத்துக்கு நேரே தொங்கின. உள்ளங்கால் முழுக்கச் செம்மண். விரலிடுக்கில் காய்ந்த புல்.

கரண்டி அப்படியே நின்றது. ஜோசெட் கவனித்துவிட்டாள்; கவுன் நுனியால் அந்தக் கால்களை மூடினாள்.

"எப்போலருந்து நடக்கிறான்?"

"ரெண்டு மாசமா."

"இந்தக் கனத்தையா தூக்கிட்டுத் திரிஞ்சே?"

"ஆயோ, இடுப்பே போச்சு. உன் முகத்தைப் பார்க்க முடியாதேன்னுதான்."

"இறக்கி விடு, ஜோசெட். இவ யாரைப் பார்த்துக் கத்துக்குவா?"

தரை தொட்டதும் அவன் கோழியைத் துரத்தினான். ருக்மணி கஞ்சி வாயோடு அவனையே பார்த்தாள். மறுநாள் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தாள். ஒரு மாதம் கழித்துக் கையை விட்டாள். நடந்துபோய் ஜோசெட்டின் மடியில் விழுந்தாள். மூன்று எட்டு வைத்தாள் என்பாள் பூங்காவனம். ஐந்து என்பாள் ஜோசெட்.

தீவு சுதந்திரம் பெறுவதற்கு முந்தின வருடம் ஜோசெட் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. விநாயகம் அதே மேசையில் வேலை பார்த்தார். நர்ஸ் ஊகெட் காலமானாள். ருக்மணி பள்ளிக்கு நடந்தே போனாள். பூங்காவனம் வீட்டு வாசல்வரைதான் உடன் வந்தாள்.