கச்சானுக்கு முன்னால் ஒரு தராசு

தஸ்நேவிஸின் எடை செவ்வாய்க்கிழமை காலையில் தீர்ந்துபோனது. தூத்துக்குடியில் அது நடப்பதுதான். கடைத் தராசில் அடித்த முத்திரைக்கு ஆண்டுக்கொரு முறை காலம் முடியும். கவனிக்காமல் விட்டால் வீட்டில் யாராவது ஒருவர் மேலே கிளம்பிவிடுவார்.

அவருடைய மனைவி சிசிலி கருவாடு விற்பவள். புருஷனின் இடுப்பில் நங்கூரக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். உச்சிப்பொழுதில் கச்சான் எழும். மேற்கிலிருந்து வரும் காற்று அது. எதையும் கடல் பக்கமாகத்தான் தள்ளும். அதற்குள் நல்ல முத்திரையுள்ள தராசு ஒன்று அவரை நிறுத்தாக வேண்டும். நிறுத்தால் எடை திரும்பும்.

"மெதுவா நட புள்ள. கோயில் கொடிமரம் இடிக்குது" என்றார் தஸ்நேவிஸ் மேலிருந்து.

"காலத் தூக்கிக்கிடுங்க."

தராசுக் கடையில் இடது தட்டுகள் மட்டுமே இருந்தன.

"வலது தட்டெல்லாம் கொழும்புல கெடக்கு மதினி" என்றார் கடைக்காரர்.

"எப்ப வரும்?"

"கப்பல்ல ஏத்தணும்லா. ஏத்தணும்னா எடை போடணும். எடை போட வலது தட்டு வேணும்."

துறைமுகச் சாலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை இருந்தது. அதன் சூட்சுமம் எளிது. இரும்புப் பலகைக்கு அடியில் மூலைக்கொரு கட்டை இருக்கும். பாரம் ஏறினால் கட்டை மயிரிழை நசுங்கும். நசுங்கிய அளவு எண்ணாக மாறும். லாரியைச் சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை நிறுப்பார்கள். முன்னதில் பின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. சிசிலி பலகையில் ஏறி நடந்தாள். நடக்க நடக்க அது நீண்டது.

"அண்ணாச்சியோட காலி எடை என்ன?" என்று கேட்டான் எடைமேடைக்காரன்.

"காலின்னா?"

"உள்ள ஒண்ணும் இல்லாம."

சிசிலி மேலே பார்த்தாள். "காலைல என்ன தின்னீங்க?"

"சாப்பாடு மட்டுமில்லக்கா. மத்ததையும் இறக்கணும்."

தஸ்நேவிஸ் இறக்க ஆரம்பித்தார். முதலில் மூழ்கிப்போன வள்ளம் ஒன்று விழுந்தது. அப்புறம் பாதியில் விட்ட ஜெபமாலை. அப்புறம் மாமியாருக்குச் சொல்லாமல் வைத்திருந்த பதில். இறக்க இறக்க மேலே போனார். கயிறு சிசிலியின் விரல்களை அறுத்தது.

"போதும்" என்றாள். துறைமுகத்துக் கொடிகள் கிழக்கே திரும்பத் தொடங்கியிருந்தன. இறக்கியதை அங்கேயே விட்டு ஓடினாள்.

டச்சுக்காரர் காலத்துப் பண்டகசாலையில் பெருந்தராசு தொங்கியது. முத்திரை புதிது. பெருந்தராசுக்கு எடை தெரியாது. சமம் மட்டுமே தெரியும். கத்திமுனையில் உட்கார்ந்த கோல் அது. இருபுறமும் சமமானால் நடுமுள் நேராக நிற்கும்.

எடைக்காரர் தஸ்நேவிஸை இழுத்து இடது தட்டில் உட்காரவைத்தார். வலது தட்டில் எதையும் வைக்கவில்லை. முள் நேராக நின்றது.

"சரியா இருக்கு" என்றார். "ஒண்ணுமில்ல. பதிஞ்சிரட்டா?"

"பதிஞ்சா?"

"ஒண்ணுமில்லங்கிறது உறுதியாயிரும்."

சிசிலி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நேரானதும் கை தானாக எழுந்தது. வியாபாரக் கை. தட்டு சமமானபின் ஒரு பிடி கூடப் போட்டால்தான் அடங்கும். மடியில் மிச்சமிருந்த நெத்திலியை அள்ளிப் புருஷனின் தட்டில் போட்டாள்.

தட்டு தரையில் மோதியது.

"முழங்கால், முழங்கால்" என்றார் தஸ்நேவிஸ்.

"இத எதுல சேக்க?" என்று கேட்டார் எடைக்காரர்.

"கொசுறு."

அவர் தாடையைத் தடவினார். "கொசுறுக்குக் கணக்கு கெடயாது. கழிக்கவும் முடியாது. கூட்டிட்டுப் போங்க."

கச்சான் எழுந்தது. தார்ப்பாய்களும் கூடைகளும் கடலுக்குப் போயின. தஸ்நேவிஸ் தரையில் நடந்து சந்தைக்கு வந்து, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தராசு இல்லாததால் சிசிலி கருவாட்டைக் கூறு வைத்தாள்.

முதலில் வந்த பெண் சாளைக் கருவாட்டில் ஒரு கூறு வாங்கினாள். பையில் போட்டுக்கொண்டாள். போகவில்லை.

"எக்கா, கொசுறு?"

சிசிலி மடியைத் துழாவினாள். மடி காலி.

அந்தப் பெண் தஸ்நேவிஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாக் காஞ்சிருக்காரா?" என்று கேட்டாள்.

சிசிலி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.