மாநிறம் என்று எழுதியவன்

1

இந்தக் கதை என் கை செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. ஒரு நாளிதழின் வரி விளம்பரக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆறு வருடம் 'மணமகன் தேவை, மணமகள் தேவை.' போன வருடத்திலிருந்து 'காணவில்லை.' ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த— (பெய்யவில்லை.)

அவள் கண்களில் ஆழம் காண முடியாத— (சீ.)

ஒரு சாதாரண மனிதர் காணாமல் போனார். (இது இருக்கட்டும். ஆனால் 'சாதாரண' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லைப் படிக்கிறவர் மனதில் என்ன முகம் வரும்? ஒன்றும் வராது.)

2

வியாழக்கிழமை காலை ஓர் அக்கா வந்தார். என் அக்கா இல்லை, காணாமல் போனவரின் அக்கா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தம்பி ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பியவர் போய்ச் சேரவில்லை. போலீசில் சொல்லியாகிவிட்டது.

"போட்டோ இருக்கா?"

"எல்லா போட்டோவும் அவன்தான் சார் எடுப்பான். அதனால எதுலயும் அவன் இல்ல."

அடையாள அட்டையைக் காட்டினார். அதில் பாதி முகத்தின்மேல் முத்திரை விழுந்திருந்தது.

"மச்சம், தழும்பு ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது."

"உயரம்?"

"சாதாரணமா இருப்பான்."

"உடம்பு?"

"அதுவும் சாதாரணம்தான்."

"நிறம்?"

"நல்ல கறுப்பு."

நான் எழுதினேன்: மாநிறம்.

3

* அடிக்குறிப்பாக வரவேண்டியது, பெரிதாகிவிட்டதால் இங்கே. கல்யாண விளம்பரங்களில் இருந்த ஆறு வருடத்தில் ஒரு கறுப்பு ஆளைக்கூட நான் எழுதியதில்லை. கறுப்பாக இருப்பவர்கள் மாநிறம். மாநிறமாக இருப்பவர்கள் சிவப்பு. சிவப்பாக இருப்பவர்கள் நல்ல சிவப்பு. எல்லாரையும் ஒரு மாடி ஏற்றிவிடுவதுதான் அங்கே மரியாதை. அந்த வகையில் நானும் லிஃப்ட் ஆபரேட்டர்தான். அன்றைக்குக் காது சரியாகத்தான் கேட்டது. கை அதன் பாட்டுக்கு மரியாதை செய்துவிட்டது.

4

படிவத்தைப் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்ட அக்கா நகரவில்லை.

"சார், இன்னும் ஒண்ணு சேர்த்துக்கங்க. அவன் எங்க போனாலும் ஒதுங்கி நின்னு வழி விடுவான். வாசல்ல, பஸ்ல, கடையில. எல்லாரும் போனப்புறம்தான் இவன் போவான். யாராவது கால மிதிச்சாகூட இவன்தான் 'பரவால்ல'ம்பான். வேலை செய்யற எடத்துல அவன் பேரே பரவால்லதான்."

"அதெல்லாம் அடையாளத்துல வராதும்மா. இருபத்தஞ்சு சொல்லுக்குள்ள முடிக்கணும்."

"அப்ப எதுதான் சார் அடையாளம்?"

நான் ஸ்டேப்ளரைத் தேடினேன். அது என் முன்னால்தான் இருந்தது.

(முதல் பிரதியில் இங்கே அவர் கண்கலங்கியதாக எழுதியிருந்தேன். பொய். அவருக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற அக்காவைவிட அழுகிற அக்கா எழுதுகிறவனுக்குச் சுலபம், அவ்வளவுதான்.)

5

வெள்ளிக்கிழமை விளம்பரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, என் கதை நாள், பாதியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் அக்கா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு சார்?"

"உங்க தம்பிதாம்மா."

"மாநிறம்னு போட்டிருக்கு. நான் கறுப்புன்னுதானே சொன்னேன்?"

"அது... ஒரு மரியாதைக்கு."

"கறுப்புன்னு போட்டா என்ன மரியாதை கொறஞ்சுடும்? எங்க வீட்ல எல்லாருமே கறுப்புதான். என்னைப் பாத்துக்கிட்டேதானே எழுதினீங்க?"

அப்புறம் நிதானமாகச் சொன்னார். பஸ் நிலையத்துக் கடைக்காரர் ஒருவர் காலையில் போன் செய்திருக்கிறார். நேற்று மதியம் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். யாராவது வந்தால் எழுந்து இடம் கொடுத்துவிட்டு நின்றாராம். சந்தேகப்பட்டு முந்தின நாள் பேப்பரை எடுத்துப் பார்த்தாராம் கடைக்காரர். மாநிறம் என்றிருந்தது. பெஞ்சில் இருந்தவர் கறுப்பு. வேறு ஆள் என்று விட்டுவிட்டார். ராத்திரி படுத்த பிறகும் மனசு கேட்காமல்தான் இன்றைக்குப் பேசியிருக்கிறார்.

"நான் ஓடிப்போய்ப் பாத்தேன் சார். பெஞ்சு காலியா இருந்துச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

6

திருத்தம் போடச் சொல்லி மேலாளரிடம் போனேன். "மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அப்படி என்னய்யா வித்தியாசம்? அதான் கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல?" என்றார். அதனால் இதைக் கதைப் பக்கத்துக்கு அனுப்புகிறேன். இங்கே இருபத்தைந்து சொல் என்ற கட்டுப்பாடு இல்லை. கதை என்றால் முடிவு கேட்பார்கள்.

முடிவு ஒன்று: தம்பி தானாகவே வீடு திரும்புகிறார். அக்கா விளம்பரத்தைக் காட்டுகிறார். படித்துவிட்டு "பரவால்ல" என்கிறார். (என்னை மன்னிப்பதற்காகவே ஒருவரை வீட்டுக்கு வரவழைக்கிறேன். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பெஞ்சில் கிடந்த பேப்பரை அவரும் பார்க்கிறார். மாநிறம் என்று படித்ததும், தேடுவது தன்னை இல்லை, வேறு யாரையோ என்று நினைத்து எழுந்து— (இதற்கு மேல் என்னால் முடியவில்லை.)

மூன்றாவது என்னிடம் இல்லை. அவரைப் பார்க்கப்போவது நானில்லை, நீங்கள். ஆகவே திருத்தத்தை மட்டும் எழுதித் தருகிறேன்.

7

காணவில்லை. வயது நாற்பத்திரண்டு. நல்ல கறுப்பு. உயரமும் உடம்பும் சாதாரணம். சந்தேகமிருந்தால் காலை லேசாக மிதித்துப் பாருங்கள். "பரவால்ல" என்று அவர் சொன்னால், அக்கா தேடுவதாகச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வாசலில், பஸ் படியில், உங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பார். நீங்கள் போய்விடாதீர்கள்.