சுரண்டாமல் விட்ட இடம்

தொண்ணூறு வயதுக் காரின் முன்பக்கத்தைத் தாழ்த்தித் தரச் சொல்லிப் பட்டறைக்கு வந்தான் மெக்கானிக்கின் மைத்துனன். முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் ஆக்ஸிலைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் காரின் மூக்கு நாலு விரற்கடை இறங்கும். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் செய்த வேலை.

"புது இரும்புல அதே வளைவு போட்டுத் தரேன் மாப்ள. ஆயுசுக்கும் நிக்கும்" என்றார் மெக்கானிக்.

"பழைய கார் கண்காட்சியில நடுவர்ங்க வண்டிக்கு அடியில படுத்துப் பார்ப்பாங்க மாமா. காரோட காலத்துல இல்லாத ஒரு நட்டு இருந்தாலும் மார்க் போச்சு."

அலைந்து திரிந்து அவனே ஒரு பழைய ஆக்ஸிலைக் கொண்டுவந்தான். காரின் காலத்திலேயே யாரோ வளைத்தது. வலது முனையில் ஒரு சாண் நீளத்துக்கு அன்றைய கறுப்புப் பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு விழும். விழவில்லை. பெயிண்டுக்கு அடியில் மட்டும் தெரியாது. சுரண்டுவதற்கு உப்புத்தாளை எடுத்தார்.

"ஐயோ மாமா! அது அசல்னு சொல்ல இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பெயிண்ட்தான்."

மனைவியின் ஒரே தம்பி. கல்யாணத்தன்று அவர் தோளை விட்டு இறங்க மறுத்த பொடியன். அவன் கேட்டு மாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, ஆக்ஸிலை அப்படியே காரில் மாட்டினார்.

கண்காட்சிக்குப் போகும் வழியில், பாலத்துச் சரிவில் ஆக்ஸில் முறிந்து கார் குட்டிக்கரணம் அடித்தது. அவன் உயிர் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

விசாரிக்க வந்தவர்கள் சாலைப் பள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்கள். முறிந்த இடத்தை மெக்கானிக் பார்த்தார். பாதி புது இரும்பாய் மின்னியது. பெயிண்ட் இருந்த பக்கம் துருவேறிக் கறுத்திருந்தது. வருஷக்கணக்கான விரிசல்.

மருத்துவமனைக்குப் போய் அவனிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"சுரண்ட வேண்டாம்னது நான்தானே மாமா?"

"சொன்னது நீ. அதைக் கேட்டுச் சுரண்டாம விட்டது நான்தானே?"

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு என்னை விட்டா நீங்க, உங்களை விட்டா நான்" என்றான்.

நாலு நாள் அவன் சொன்னபடியே இருந்தார். ஐந்தாம் நாள், தம்பிக்குக் கொண்டுபோகத் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"சந்தேகம் இருந்துச்சா உங்களுக்கு?"

"இருந்துச்சு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மெக்கானிக் வாசற்படியை இடித்துச் சரிவு கட்டியிருந்தார். காலையிலும் மாலையிலும் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவது அவர்தான். அவன் பழையபடி மாமா, மாமா என்று பேசுகிறான். அவள் அவரைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

சாப்பாட்டு வேளையில் தட்டை வைத்துவிட்டு, "தம்பி, உங்க மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.