நாற்பத்தொரு வரி

அஃப்சலுக்கு அந்தச் சேதி வீட்டிலிருந்து வரவில்லை. லாஸ்பேட்டை அலுவலகத்தில், பக்கத்து மேசை கமலக்கண்ணன் வழியாக வந்தது.

"அஃப்சல், சிஃப்ட்டர் புது வெர்ஷன் விட்டுருக்காங்க. கோடு எழுதுனவங்க லிஸ்ட்ல ஹாஜிரா பானு, புதுச்சேரின்னு ஒரு பேரு இருக்கு. உங்க வூட்டம்மாவா?"

"ஆமா, அவதான்."

"நல்ல விஷயம்பா. உங்க பேரயும் தேடுனேன். இந்தத் தடவ இல்ல போல."

கமலக்கண்ணன் குத்தலாகப் பேசுகிற ஆள் இல்லை. தேடினார், கிடைக்கவில்லை, சொன்னார். அஃப்சல் சிரித்து வைத்தான். அதன் பிறகு மதியம் வரை அவனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நெட்வொர்க்கில் ஓடும் தகவல் துண்டுகளை, பேக்கெட்டுகளை, பிடித்து வரிவரியாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள் சிஃப்ட்டர். அதற்கு முதலாளி கிடையாது. பல நாடுகளிலிருந்து பலர் சம்பளமில்லாமல் எழுதிச் சேர்க்கிறார்கள். எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. பொறுப்பாளர்கள் படித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, ஒப்புக்கொண்டால்தான் சேரும். அஃப்சல் நான்கு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தான். பதினொன்று சேர்ந்திருந்தன. அதில் ஒன்பது, உதவிப் பக்கங்களில் இருந்த எழுத்துப் பிழைகளுக்கான திருத்தங்கள்.

பெரிதாக ஒன்று எழுதியிருந்தான். பெரிய கட்டடங்களில் ஏசியும் லிஃப்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு மொழியை சிஃப்ட்டர் புரிந்துகொள்வதற்கான நிரல். இரண்டாயிரத்து முந்நூறு வரி. ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்று எழுதியது. பொறுப்பாளர் மார்ட்டா அதில் முப்பத்துநான்கு கேள்வி கேட்டாள். முப்பதுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவன், முப்பத்தொன்றாவதில், 'களத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை' என்று எழுதிவிட்டான். அதோடு சரி. ஒன்பது மாதமாக யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஹாஜிரா எழுதியது நாற்பத்தொரு வரி. நான்கு நாளில் சேர்ந்துவிட்டது.

அவள் கதிர்காமம் பக்கம் ஒரு தனியார் டயாலிசிஸ் மையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். அங்கே இயந்திரங்களிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய அளவுகள் வழியில் தொலைந்துகொண்டிருந்தன. நர்சுகள் அரை மணிக்கொரு தரம் கையால் எழுதினார்கள். இயந்திரக் கம்பெனி நெட்வொர்க்கைக் குற்றம் சொன்னது, நெட்வொர்க் போட்டவர்கள் இயந்திரத்தைச் சொன்னார்கள். ஹாஜிரா சிஃப்ட்டரை இறக்கிப் பேக்கெட்டுகளைப் பிடித்தாள். அந்த இயந்திரத்தின் மொழி சிஃப்ட்டருக்குத் தெரியவில்லை. கம்பெனியின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலேஜில் படித்ததைத் தூசி தட்டி, ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். இயந்திரங்கள் சரியாகத்தான் அனுப்புகின்றன, மூன்றாவது அறையில் இருக்கிற வைஃபை பெட்டிதான் விழுங்குகிறது என்று அதை வைத்து நிரூபித்தாள். பெட்டியை மாற்றினார்கள். பிறகுதான், வேறு ஊரில் யாருக்காவது உதவும் என்று அந்த வரிகளை சிஃப்ட்டருக்கு அனுப்பினாள்.

அனுப்புவதற்கு முன்னால் அவனிடம் கொடுத்தாள். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. தப்பு இருந்தா மானம் போயிடும்."

அஃப்சல் பத்து நிமிடம் பார்த்தான். இருபத்தொன்பதாவது வரியில் தவறு தெரிந்தது. இயந்திரம் அனுப்பும் ஒரு சேதி ஒரே பேக்கெட்டில் வந்தால் நிரல் சரியாகப் படிக்கும். பாதி ஒன்றிலும் மீதி அடுத்ததிலுமாக வந்தால், மீதியைப் புதுச் சேதி என்று நினைத்து எண்களைத் தப்பாகக் காட்டும். அவள் மையத்தில் சேதிகள் சின்னவை, உடையவில்லை. வேறு இடத்தில் உடையும். அவனுடைய இரண்டாயிரத்து முந்நூறு வரியில் பாதி, இப்படி உடைந்ததை ஒட்டுவதற்காக எழுதியதுதான்.

"நல்லாத்தான் இருக்கு. அனுப்பு," என்றான்.

மார்ட்டா கண்டுபிடிப்பாள், முப்பது கேள்வி கேட்பாள், ஹாஜிராவுக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்பதுதான் அப்போது அவன் மனதில் இருந்தது. மார்ட்டா கண்டுபிடிக்கவில்லை. 'தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், மருத்துவக் கருவிகள் தெரிந்தவர்கள் எங்களுக்கு வேண்டும்' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டாள்.

கமலக்கண்ணன் சொன்ன அன்று மாலை, கருவடிக்குப்பத்தில் வீட்டு மாடிப்படி ஏறும்போதே கேட்டுவிட வேண்டும் என்று வந்தான். ஹாஜிரா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேரு வந்துருக்காமே. கமலக்கண்ணன் சொல்லித்தான் தெரியுது எனக்கு."

"நேத்தே பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இதுல என்ன இருக்கு? சந்தோஷமான விஷயம்தான."

"அதான் தெரியல," என்று சொல்லிவிட்டு அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தன் மனதில் இருப்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதுதான் அவனை அதிகம் அறுத்தது.

அதற்குப் பிறகு அவன் செய்தது ஒவ்வொன்றும் அவனுக்கே அசிங்கமாக இருந்தது. காலையில் கண் விழித்ததும் சிஃப்ட்டர் பக்கத்தைத் திறப்பான், அவளுக்குப் புதிதாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பான். யாரோ பெல்ஜியத்துக்காரர் நன்றி சொல்லியிருந்தார். இரண்டு வரிதான். அதை ஆறு முறை படித்தான். அவள் போனைப் பார்த்துச் சிரித்தால் அதற்காகத்தான் என்று நினைத்தான். ஒரு தடவை எட்டிப் பார்த்தால், அவள் தங்கை அனுப்பிய ஆட்டுக்குட்டி வீடியோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஜிரா சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, சிஃப்ட்டரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினான். சாம்பல் நாரை என்று பொருள் வருகிற ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தான். பிழை அறிக்கை எழுதினான். தவறை விவரித்த நான்கு வரி நியாயமானவை. அதற்கடுத்த இரண்டை எழுதாமல் விட்டிருக்கலாம்: 'எழுதியவருக்கு நெட்வொர்க்கின் அரிச்சுவடி தெரியவில்லை. இதையெல்லாம் எந்த அடிப்படையில் சேர்க்கிறீர்கள்?'

அனுப்பியதும் நெஞ்சு இலேசானது. ஹாஜிரா தலையணை உறையும் அவனுக்கு ஒரு சட்டையும் வாங்கி வந்தாள். போட்டுப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது.

சாயங்காலம் அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். முகம் சின்னதாகியிருந்தது.

"இவரு சொல்றது சரியா?"

படிப்பதுபோல் படித்தான். "சரின்னுதான் தோணுது."

"நீங்க அன்னிக்குப் பாத்தீங்கல்ல?"

"மேலோட்டமாத்தான் பாத்தேன்."

"அரிச்சுவடி தெரியலங்கறாரு."

"நெட்ல அப்படித்தான் பேசுவானுங்க. மனசுல வெச்சுக்காத."

ஆறுதல் சொல்லும்போதே உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறுவதை அவனால் தடுக்க முடியவில்லை. ஆனால் அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து பதில் தட்டினாள்: 'நீங்கள் சொல்வது சரி, இதை நான் யோசிக்கவில்லை, நன்றி. சேதி உடைந்து வந்ததைப் பிடித்த பதிவுக் கோப்பு இருந்தால் இணைக்க முடியுமா? சோதித்துத் திருத்துகிறேன்.' கொஞ்ச நேரத்தில் மார்ட்டாவும் நாரையிடம் அதே கோப்பைக் கேட்டாள். கூடவே, 'இங்கே மரியாதையாக எழுதுங்கள்' என்றும்.

கோப்பு தராவிட்டால் அறிக்கையை மூடிவிடுவார்கள். மறுநாள் அஃப்சல் அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தான். ஹாஜிரா தன் வரிகளோடு அனுப்பியிருந்த மாதிரிப் பதிவை எடுத்து, சேதிகளை வேண்டுமென்றே உடைத்து, ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு வீட்டு வைஃபை வழியாக அனுப்பிப் பிடித்தான். அவள் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். பிடித்ததை அப்படியே இணைத்துவிட்டான்.

மூன்று நாள் ஹாஜிரா அந்தக் கோப்போடுதான் இருந்தாள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து அவன் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் தட்டு எடுக்கவில்லை.

"அந்தக் கோப்புல ஆயிரத்து இருநூறு பேக்கெட் இருக்கு. டயாலிசிஸ் மெஷினோடது எண்ணூறு. மீதி வேற."

"ம்."

"ஒரு பிரிண்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவ 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு தன் பேரச் சொல்லிக்கிட்டே இருக்கு. என்ன பேரு தெரியுமா? நொத்தேர் ரெண்டு."

அஃப்சலின் கை தட்டிலேயே நின்றது. அவர்கள் வீட்டு பிரிண்டர், ஒரு நொத்தேர் ஆபீசைக் காலி செய்தபோது மலிவாக வாங்கியது. பத்திரம் எழுதுகிற அந்த ஆபீசில் வைத்த பெயரை இவர்கள் மாற்றவே இல்லை.

"உலகத்துல வேற நொத்தேர் இருக்கலாம்னு நெனச்சேன். பிரிண்டரோட நம்பரயும் பாத்தேன். அடியில ஒட்டியிருக்கற அதே நம்பர்."

அஃப்சல் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? நான் காட்டுனப்பவே?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அனுப்புன்னு சொன்னீங்க."

"ஆமா."

"பொறாமை வந்துச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? நாலு வருஷமா உங்க ஞாயித்துக்கெழம எல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? பேரு வந்த அன்னிக்கு எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அரிச்சுவடி தெரியாதவன்னு எழுதிட்டு, மனசுல வெச்சுக்காதன்னு எங்கிட்டயே சொன்னீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

அவள் எழுந்து போய், அறையில் அம்மாவுக்குப் போன் பேசினாள். சமையல், மாத்திரை என்று சாதாரணமாகத்தான் பேசினாள். அவன் சோறு ஆறிப்போனது.

இதை அவள் வெளியே சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும், மார்ட்டாவுக்கே விளங்கியிருக்கும். அவள் எழுதவில்லை. அவனையும் எழுதச் சொல்லவில்லை. ஒரு வாரம் 'சாவி எங்க', 'கேஸ் புக் பண்ணியாச்சு' என்பதற்கு மேல் அவனோடு பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் அஃப்சல் தன் சொந்தக் கணக்கில் போய் எழுதினான்: 'சாம்பல் நாரை நான்தான். நிரல் சேர்வதற்கு முன்பே தவறு எனக்குத் தெரியும், சொல்லவில்லை. எழுதியவர் என் மனைவி. அவரை அப்படிச் சொன்னது தவறு.' அனுப்பும் பொத்தானை அழுத்த அரை மணி நேரம் ஆயிற்று.

மார்ட்டாவின் பதில் சுருக்கமாக வந்தது. நாரைக் கணக்கு நீக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு அவன் எதையும் அனுப்ப முடியாது, கருத்தும் எழுத முடியாது. இரண்டாயிரத்து முந்நூறு வரி இருந்த பக்கத்தில் 'மூடப்பட்டது' என்று விழுந்தது. அதைப் பார்த்தபோது வலித்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை.

அன்று சாயங்காலம் ஹாஜிரா வந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒடஞ்ச சேதிய ஒட்டறதுக்கு நீங்க எழுதுன பகுதி நல்லாருக்கு. அதுல எண்பது வரி எடுத்துக்கட்டுமா? உங்க பேரும் போடுவேன்."

"எம்பேரு போட மார்ட்டா விடமாட்டா."

"கேட்டுட்டேன். ஆறு மாசம் நீங்க அனுப்பக் கூடாது, அவ்ளோதான். ஏற்கெனவே எழுதுனத எழுதலன்னு சொல்ல முடியாதுன்னுட்டா."

"எடுத்துக்க," என்றான். பிறகு, "எழுபத்தி ரெண்டாவது வரிய மட்டும் மாத்து. அதுல மார்ட்டா கேட்டது சரிதான்," என்றான்.

அடுத்த வெர்ஷனில் அவர்கள் பெயர் ஒரே வரியில் வந்தது. அவள் பெயர் முன்னால், அவனுடையது பின்னால். கமலக்கண்ணன் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து எழுதுனீங்களா?" என்று கேட்டார். "இல்ல, அவ எழுதுனா," என்று சொல்ல நினைத்தான். "ஆமா" என்றுதான் வாயில் வந்தது.

டிசம்பரில் சிஃப்ட்டர்காரர்கள் ஆண்டுக் கூட்டத்தை இணையத்தில் வைத்தார்கள். ஹாஜிராவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அவள் அறைக்குள் உட்கார்ந்து பேச, அஃப்சல் சமையலறையில் டீ போட்டான். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. முதலில் திக்கினாள், பிறகு சரளமாகிவிட்டாள். மூன்றாவது அறையின் வைஃபை பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"இதில் ஒரு தவறு இருந்தது," என்று அவள் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. "கண்டுபிடித்தவர் என் கணவர். அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. எனக்கு ஒரு வருடம் ஆனாலும் தெரிந்திருக்காது."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று அவன் காதைத் தீட்டிக் கேட்டான். இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். 'அவ எழுதுனா' என்று உள்ளதைக் கமலக்கண்ணனிடம் சொல்ல அவனால் முடியவில்லை. இவள் நாற்பது நாட்டுக்காரர்கள் முன்னால் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். அதற்கும் அவன் மனதில் பொறாமைதான் எழுந்தது. பழைய பொறாமை மாதிரி அது எரியவில்லை, அவ்வளவுதான்.

டீயை இரண்டு தம்ளரில் வடிகட்டினான். அவள் பேசி முடிக்கட்டும் என்று கதவுக்கு வெளியே நின்றான்.