உரலில் விழுந்த கந்தகம்

அறுபத்திரண்டாம் வருசம் எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில், புதிதாகக் காய்கறி போடுகிறவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்தது. சீனிச்சாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும், காதில் விழுந்தது சரிதானா என்று எதையும் இரண்டாம் தரம் கேட்பான். முன்பு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டியவன். குத்தகைக்குப் பிடித்த கால் குறுக்கம் நிலத்தில் வெண்டை போட்டிருந்தான். இலையெல்லாம் சாம்பல் நோய் பூத்துவிட்டது.

"அதுக்குக் கந்தகத் தூள்தான். மாவா இருக்கணும். துணியில முடிஞ்சு செடி மேல தட்டணும்" என்று வகுப்பு நடத்தும் கிராம சேவக் நாகையா முந்தின தடவை சொல்லியிருந்தார்.

கந்தகத்துக்குக் கடைக்கா போக வேண்டும்? சீனிச்சாமியின் மச்சினன் இருளாண்டி கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவன். ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டி கட்டியாக இருந்தது. இன்று வகுப்புக்குக் கிளம்பும்போது சீனிச்சாமி பெண்சாதி மாரித்தாயிடம், "அடுப்பு வேலை முடிஞ்சதும் அதை உரல்ல போட்டு இடிச்சு வை" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

"கந்தகம் எல்லாருக்கும் கிடைச்சுதா?" என்று நாகையா கேட்டார்.

"கம்பெனியே நம்ம வீட்டுக்கு வந்துருச்சு, சார்" என்றான் பின்னாலிருந்த இருளாண்டி.

"ஏலே, திருட்டுக் கந்தகமா?" யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

"என்னத்தத் திருட்டு? கலவை ரூமுல சிந்துனதக் கூட்டி அள்ளுனேன். எப்படியும் கொட்டுறதுதான?"

சீனிச்சாமி சட்டென்று திரும்பி மச்சினனைப் பார்த்தான். கலவை அறையில் கந்தகம் மட்டுமா சிந்தும்? வெடிமருந்துக்குச் சேர்க்கும் குளோரேட் உப்பும் சிந்தும். இரண்டும் சேர்ந்தால் வெடிக்க நெருப்பே வேண்டாம், ஓர் உரசல் போதும். தப்பாக நினைக்கிறோமோ? ஒரு தரம் கேட்டுக்கொள்ளலாமா? கேட்காமலே எழுந்து ஓடினான்.

கருவேல முள் காலில் ஏறியது தெரியவில்லை. காது மட்டும் வீட்டுப் பக்கமே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாது, கேட்டுவிடக் கூடாது.

கொல்லையில் மாரித்தாய் உலக்கையை ஓங்கியபடி நின்றாள். கத்தினால் பதறிக் கீழே போட்டுவிடுவாள்.

"மாரி" என்றான் மெதுவாக. "உலக்கைய இறக்காத. அப்படியே தோள்ல சாத்திக்க."

"என்னய்யா, பாம்பா?"

"ஆமா. அசையாத."

கிட்டப் போய் உலக்கையை வாங்கிச் சுவரில் சாத்தினான். அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, குடத்துத் தண்ணீரை உரலில் ஊற்றினான். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தான்.

"பாம்பு எங்க?"

"உரலுக்குள்ள."

அவள் உரலைப் பார்த்தாள். கம்பெனி ஊர்க்காரிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இப்பத்தான் உள்ள போட்டேன். ஒரு குத்துகூட விழல" என்றாள்.

இருளாண்டி இரைக்க இரைக்க வந்து நின்றான். "தூவத்தான குடுத்தேன் மச்சான்! இடிக்கச் சொன்னது யாரு?"

"வேற யாருக்குலே குடுத்த?"

"நம்ம தெரு அய்யம்மா அக்காவுக்குக் கொஞ்சம், அவுக வெண்டைக்கு…"

மாரித்தாய் தலையில் கை வைத்தாள். "அவ இப்பத்தான என்கிட்ட அம்மிக் குழவிய வாங்கிட்டுப் போனா!"

சீனிச்சாமி எழுந்திருப்பதற்குள் அவள் இன்னொரு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். தண்ணீர் தளும்பிச் சிந்திய வழியே அவனும் பின்னால் ஓடினான்.

அய்யம்மாள் வீட்டு முற்றத்தில் அம்மிமேல் மஞ்சளாகக் கட்டிகள் குவிந்திருந்தன. இரண்டு கையாலும் குழவியைத் தூக்கியிருந்தாள். மாரித்தாய் குடத்தை அப்படியே அம்மிமேல் கவிழ்த்தாள்.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருச்சா ஒனக்கு? சேலையெல்லாம் நனஞ்சுபோச்சு!"

அய்யம்மாள் வைதுகொண்டே இருந்தாள். அந்த வசவைக் கேட்டுத்தான் சீனிச்சாமிக்கு மூச்சே வந்தது.