றம்லாவுக்குப் பதிலாக

வீட்டுக்கு உரிமைக்காரர் கட்டுகிறவர்களோடு நின்று கல் சுமக்க வேண்டும். வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதுதான் எங்கள் ஊரில் வீடு கட்டித் தரும் வெளிநாட்டு நிறுவனத்தின் சட்டம். எவன் போட்டானோ, அவன் தலையில் இடி விழ! வீடு கிடைத்தது என் தம்பி மனைவி றம்லாவுக்கு. அவளோ இத்தா இருக்கிறாள். கடலுக்குப் போன என் தம்பி சனூன் எங்கள் ஊரான அரிப்பின் கரைக்கு உயிரில்லாமல், மையத்தாகத்தான் திரும்பினான். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் கண்ணில் படாமல், தகரக் கொட்டிலுக்குள் சீலை மறைப்புக்குப் பின்னால் இருக்க வேண்டியவள் எப்படிக் கல் சுமப்பாள்? புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியதிலிருந்து சனூனுக்கும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கொட்டில்தான்.

நிறுவனத்தில் வேலை செய்யும் நிதர்சனிடம் கேட்டேன்.

"தம்பி, அவளுக்குப் பதிலா நான் வந்தா என்ன?"

"மேலிடம் ஒத்துக்கொள்ளாது அக்கா," என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "வீடு கட்ட வாற வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு றம்லாவைத் தெரியாதுதானே. நான் ஒண்டும் காணேல்ல."

அன்றிலிருந்து நான் றம்லா.

வந்த பிள்ளைகள் சொந்தக் காசில் விமானம் ஏறி வந்தவர்கள். பாவங்கள், வெயிலில் வெந்து, கை கொப்பளித்தும் வேலையை விடவில்லை. அதில் ஹன்னா என்ற பெட்டை என்னை விட்டு அசையமாட்டாள். "றம்லா, றம்லா" என்று தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் திரிவாள். தன் பெயரைச் சொல்லி யாரோ யாரையோ கூப்பிடுவதைக் கொட்டிலுக்குள் இருந்து றம்லா கேட்டுக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுக்கு நான் உள்ளே போனால், "ஜன்னல் வைச்சாச்சா மதினி? குசினி பெரிசா?" என்று கேட்பாள். எனக்கு அழுகை வரும்.

சாவி கொடுக்கும் நாள் காலையில் நிதர்சன் ஓடி வந்தான்.

"அக்கா, கொழும்பிலயிருந்து எங்கட நிறுவனப் பெரியவர் வாறார். அடையாள அட்டையையும் ஆளையும் ஒத்துப் பாப்பாராம்."

மறைப்புக்குப் பின்னால் றம்லாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"நான் வாறன் மதினி."

"விசரா உனக்கு? இத்தா முடியேல்ல. ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா எங்களுக்கு வீடு தரப்போகுது? என்ட நிலைமை அல்லாஹ்வுக்குத் தெரியும். இன்னொரு மாரிக்கும் பிள்ளையளை இதுக்குள்ள நனைய விடேலாது."

வெள்ளைச் சீலையை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். வேலியோரம் நின்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றது எனக்கே கேட்டது. அட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டு புது வீட்டு வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

பெரியவர் வந்தார். வெயில் பொறுக்கவில்லை போலும், வாகனத்தின் இஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. அட்டையைப் பற்றி மூச்சே விடவில்லை. "யார் றம்லா?" என்றார். ஹன்னாவும் மற்றப் பிள்ளைகளும் கைதட்டி என்னைக் காட்டினார்கள். சாவியை என் கையில் தந்தார். நிதர்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது படம். ஹன்னா சிரித்துக்கொண்டு வந்து, றம்லாவின் தோளில் பக்குவமாகக் கை வைத்து, வீட்டுக்காரி மட்டும் நிற்கட்டும் என்று சைகை காட்டி, அவளை ஓரமாக்கினாள். அன்பாகத்தான் செய்தாள்.

"இவள்தான்..." என்று வாயைத் திறந்தேன். றம்லா அட்டையைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கதைக்காதேங்கோ மதினி," என்றாள். "சிரியுங்கோ. படம் எடுக்கினம்."