யாரும் தனியாக விற்கக் கூடாது

கிழவர்கள் கிளாஸைப் பார்க்கவில்லை, பாட்டிலின் லேபிளைப் பார்க்கிறார்கள் என்பதைப் பிராந்தி ஊற்றிக்கொண்டே வந்த ஃபோட்டினி கவனித்தாள். நட்சத்திரங்களை எண்ணுகிறார்கள். ஐந்து நட்சத்திர பிராந்தி என்றால் வீட்டில் பணம் இருக்கிறது என்று அர்த்தம். அவள் மூன்று நட்சத்திரம்தான் வாங்கியிருந்தாள். அதையும் நம்பாதவர் மாதிரி, அவர்களில் ஒருவரான பாண்டெலிஸ் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

அப்பாவைப் புதைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கிரேக்கத் துறைமுக ஊரான கவாலாவின் கல்லறைத் தோட்டத்து வாசலில், சாவுக் காப்பிக்கென்றே நடக்கிற கடை அது. சர்க்கரை போடாத காப்பி, ரஸ்க், ஆளுக்கொரு கிளாஸ் பிராந்தி. "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். எல்லோரும் சொன்னார்கள், குடித்தார்கள். லாம்ப்ரோஸ் மட்டும் கிளாஸைத் தொடவில்லை. அப்பாவின் உயிர் நண்பர், ஃபோட்டினிக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கையில் ஏந்திய ஞானத் தகப்பன். அவர் குடிக்காதது அவளுக்கு உறுத்தியது.

காலையிலிருந்தே இப்படித்தான். கோயிலில் கடைசி முத்தமிடக் குனிந்த பாண்டெலிஸ், சவப்பெட்டியின் மெருகைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொருவர் அவளுடைய கறுப்புக் கோட்டைத் தொட்டு, புதுசா என்று கேட்டார். துக்கம் விசாரிக்க வந்தார்களா, துப்புத் துலக்க வந்தார்களா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அகிலேயாஸ், பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தை வரி விடாமல் படிப்பவர். படித்ததைக் காப்பிக் கடையில் உரக்கச் சொல்பவர். அவர் பேச்சைக் கேட்டு அந்த மேசையில் ஆறு பேரும் உள்ளூர் மீன் கம்பெனியின் பங்குகளை வாங்கினார்கள். போன வருடம் செப்டம்பரில் அது ஏறிய ஏற்றத்தில், வாழ்நாளெல்லாம் மத்தி மீன் தின்ற பாண்டெலிஸ் சிங்க இறால் கேட்டுச் சாப்பிட்டார். பிறகு இறங்க ஆரம்பித்தது. புது ஆயிரமாண்டு பிறந்தும் நிற்கவில்லை. யாராவது ஒருவர் விற்றுவிடலாமா என்று முனகும்போதெல்லாம் அப்பா மேசையில் உள்ளங்கையை வைப்பார். விற்கிற நாளில் ஆறு பேரும் ஒன்றாகப் போவோம், அதுவரை யாரும் தனியாக விற்கக் கூடாது என்பார். மற்ற ஐந்து பேரும் அந்தக் கையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். இப்போது அந்தப் பங்கு வாங்கிய விலையில் கால்வாசிகூட இல்லை.

சத்தியம் செய்யச் சொன்னவரே கமுக்கமாக விற்றிருப்பாரோ என்பதுதான் ஐந்து பேரின் சந்தேகமும்.

"உங்கப்பா அப்படிப்பட்ட ஆளில்ல," என்றார் லாம்ப்ரோஸ், அவளுக்குப் பரிந்துகொண்டு. "ரிட்டயரானப்ப வந்த காசை ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் கொண்டு போய்ப் போட்டோம். நான் பஸ்ஸுக்காவது கொஞ்சம் எடுத்து வச்சேன். அவன் அதுவும் வைக்கல. நடந்தே வந்தான்."

ஃபோட்டினியின் கை பாட்டிலோடு நின்றுவிட்டது.

புருஷன் விட்டுப் போனபின் அவளுக்கு அப்பா ஒரு வீடு வாங்கித் தந்திருந்தார். இரண்டு அறை, கடல் பார்த்த பால்கனி. ஓய்வுப் பணத்தில் பாதியை உனக்கென்று தனியாக வைத்திருந்தேன் என்றார். அவளும் நம்பினாள். வாங்கியது போன வருடம் அக்டோபரில். சிங்க இறால் தின்ற கையோடு.

அப்படித் தனியாக வைத்த பணம் எதுவும் இருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்பா உச்சத்தில் விற்றிருக்கிறார். விற்றுவிட்டு, அடுத்த நாளும் அதே மேசையில் போய்க் கையை வைத்திருக்கிறார். அப்பாவின் மேல் இப்படி ஒரு கோபமும் இப்படி ஒரு பாசமும் ஒரே நேரத்தில் அவளுக்கு வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்ட பிறகும், அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். லாம்ப்ரோஸிடம் சொல்லிவிடு. சாகப்போவதைச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து அவள் போன் செய்து வரவழைத்தாள். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சுத்தி வளைக்காம கேக்கறேன், புள்ள," என்றார் பாண்டெலிஸ். "வித்தானா, இல்லையா?"

மேசை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. உள்ளது உள்ளபடி சொன்னால் அப்பாவை இன்னொரு முறை புதைக்க வேண்டும், இந்த முறை பிரார்த்தனை இல்லாமல்.

"விக்கல. எல்லாம் அப்படியே இருக்கு."

பாண்டெலிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்தார். காலையிலிருந்து அவர் அழுதது அப்போதுதான். மற்றவர்கள் அகிலேயாஸைப் போல ஒருவன் உண்டா என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இரண்டாவது சுற்றுக்குக் கிளாஸ்கள் நீண்டன.

லாம்ப்ரோஸின் முகம் தெளிந்தது. "எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு, மறைக்க மாட்டேன். குடிக்கக் கை வரல," என்றார். "இனிமே யோசிக்க மாட்டேன். விழுந்து கிடக்கறப்ப வாங்கறவன்தான் பொழைப்பான்னு அவன் சொல்லிட்டே இருப்பான். என் பொண்டாட்டியோட ஆலிவ் தோப்புக்கு ஒருத்தன் விலை கேட்டிருக்கான். திங்கக்கிழமை பேசி முடிச்சு, அதையும் போட்டுடறேன்."

கிளாஸை எடுத்தார். ஃபோட்டினி அதன் வாயில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."

சைப்ரஸ் மரங்களுக்குக் கீழே நின்று சொன்னாள். போன வருடம் விற்றது, வீடு வாங்கியது, ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லச் சொன்னது எதை என்று தனக்கு இப்போதுதான் விளங்கியது. தோப்பைத் தொடாதீர்கள், மிச்சம் இருக்கிற பங்கையும் விற்றுவிடுங்கள் என்று கெஞ்சினாள். வேண்டுமானால் வீட்டை விற்று ஐந்து பேருக்கும் கொடுக்கிறேன் என்றும் சொன்னாள். சொல்லும்போதே, அப்படிச் செய்ய மனது வருமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

லாம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"உன் வீட்டு ஃப்ரிட்ஜை யாரு மேல ஏத்தினது, தெரியுமில்ல?"

"நீங்கதான் மாமா."

"நானும் அவனும். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்கினோம். நாலு தடவையும் என்னமோ சொல்ல வந்தவன் மாதிரி அவன் என் மூஞ்சியப் பாத்தான்." கல்லறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உள்ளே யாரிடமும் வாயைத் திறக்காதே, அந்த வீட்டைப் பற்றியும் இனிமேல் பேசாதே என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்தார்.

மேசைக்கு வந்தும் லாம்ப்ரோஸ் உட்காரவில்லை. கிளாஸை எடுத்து, ஊற்றியதை இப்போதுதான் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்றார். குடித்து முடித்தார்.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை காலைல யாரும் எங்கயும் போயிடாதீங்க. அஞ்சு பேரும் ஒண்ணாப் போறோம்."

"எங்க?" என்றார் பாண்டெலிஸ்.

லாம்ப்ரோஸ் மேசையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் கை வர வெகுநேரம் ஆயிற்று.